ஒரு குழிக்கு மட்டும் விலக்கு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றி விசாரிக்காதே. நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். தலைநகரத்து வீடுகளில் தரையைக் கண்ணாடி மாதிரி போட்டு வைக்கிறீர்கள். வழுக்கிவிடப் போகிறாள், பார்த்துக்கொள்.

உன் அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இடுகாட்டுக்குப் போகிறேன். எதிர்வீட்டு ரொட்டிக்காரியும் கூட வருவாள். அவள் மகள் உன் அத்தானுக்குப் பக்கத்துக் குழியில்தான் இருக்கிறாள். இரண்டு பேரும் புல் பிடுங்குவோம், ஏதாவது சண்டை போடுவோம், திரும்பி வருவோம். எனக்கு வாரத்தில் அந்த ஒரு பொழுதுதான் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

போன ஞாயிறு போனால் வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. துறைமுகத்தை ஒட்டின நிலமெல்லாம் ஃப்ரீ ஜோனுக்கு எடுக்கிறார்களாம். வெளிநாட்டுச் சரக்கு வரி கட்டாமல் வந்து இறங்கி, வரி கட்டாமல் வெளியே போகிற இடமாம். புதைத்தவர்களை வேறு இடத்துக்கு மாற்றுவார்களாம். கடைசியில் "ஆட்சேபம் தெரிவிக்க இயலாது" என்று போட்டிருந்தது.

"இயலாதுன்னா என்னடி? எனக்கு வாய் இருக்கே, நல்லா இயலுமே" என்றாள் ரொட்டிக்காரி.

மறுநாள் தெருவில் ஆட்டோ வந்தது, மைக் கட்டிக்கொண்டு. நாடு கடனில் இருக்கிறதாம். ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று பங்கு இருக்கிறதாம், நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் உண்டாம். மைக் பிடித்தவன் அதைப் பரிசு விழுந்த மாதிரி சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போகிறான். ரொட்டிக்காரி விடுவாளா? ஆட்டோவை மறித்து, "செத்தவங்களுக்கும் பங்கு உண்டா?" என்று கேட்டாள். "அதுக்குத்தானேம்மா அவங்க இடத்தை எடுக்கறோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது தம்பி. காசு வாங்கினவன் யார், தின்றவன் யார் என்று எங்களுக்குத் தெரியாதா? கடலுக்குள் பாதி தூரம் போய் நிற்கிற அந்தப் பாலம் இருக்கிறதே, காக்கா உட்காருவதற்கா கட்டினார்கள்?

நீ வக்கீல். எனக்கு ஒன்று மட்டும் சொல். புதைத்த ஆளை எடுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? இதற்கு ஒரு எல்லை இல்லையா? எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் உன் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். என் தம்பி இருக்கிறான், கவலைப்படாதீர்கள் என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்
உன் அக்கா


பிப்ரவரி 12

அன்பிற்குரிய அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழந்தைக்குக் காலுறை மாட்டியிருக்கிறோம், அதைக் கழற்றி வாயில் வைத்துக்கொள்கிறாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கோபப்படாமல் படி. நாடு வாங்கிய கடனுக்கு இந்த வருஷத் தவணை கட்ட முடியாத நிலை. கட்டாவிட்டால் மருந்து வராது, எண்ணெய் வராது, அரசு ஊழியருக்குச் சம்பளம் வராது. இது மிரட்டல் இல்லை, உண்மை. கடன் கொடுத்தவர்கள் கேட்பது துறைமுகத்தில் தடையில்லாத வணிகம். அதற்கு நிலம் வேண்டும். போன ஆண்டு நிறைவேறிய கடன் மீட்புச் சட்டத்தின்படி ஒரு ஆணையம் அமைத்திருக்கிறார்கள், அது எந்த நிலத்தையும் எடுக்கலாம். நீதிமன்றம் அதில் தலையிட முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே வழக்கு, ஊர்வலம் என்று அலையாதே. மாற்றுவதற்குச் சம்மதம் கொடுத்துவிடு. புதிய இடம் விசாலமானது, மரம் நடுகிறார்கள். அத்தான் இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

நான் இப்போது அரசுத் தரப்பு வழக்குகளையும் பார்க்கிறேன். அதனால் உங்கள் தெருவுக்காக நான் வெளிப்படையாகப் பேசுவது நன்றாக இருக்காது. புரிந்துகொள்வாய்.

என்றும் அன்புடன்
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ரொட்டிக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "மரம் நடறாங்களா? அப்ப உன் தம்பியை முதல்ல அங்க போய்ப் படுக்கச் சொல்லு" என்றாள். அவள் வாய் அப்படி.

உன் அத்தான் என்ன சொல்லியிருப்பார் என்று இனிமேல் நீ எழுதாதே. அது எனக்குத் தெரியும்.

கடன் கட்ட வேண்டாம் என்று நான் சொன்னேனா? வாங்கினால் கட்டத்தான் வேண்டும். கப்பல் வரக்கூடாது என்றும் சொல்ல மாட்டேன். உன் அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். கப்பல் வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு. சட்டை தைக்கிற கடையில் நான் காஜா எடுத்தேனே, வெளிநாட்டுச் சட்டை வந்து இறங்கினதும் அந்த வேலை போயிற்று. இப்போது கிழிந்ததை ஒட்டுப் போடுகிறேன். அதற்குக்கூட நான் உன்னிடம் அழுததில்லை. அந்தச் சட்டை நன்றாகத்தான் இருக்கிறது, நானே ஒன்று வாங்கி அத்தானுக்குப் போட்டேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "எங்கிருந்தோ யாரோ எனக்கு அளவெடுத்த மாதிரி தைச்சிருக்காங்க பார்" என்று சிரித்தார்.

எனக்கு வயிறு எரிவது வேறே. ஜோனுக்கு வேலி போட்டாகிவிட்டது. சரக்கு வண்டி வந்தால் கதவு தானாகத் திறக்கிறது, திறந்து பார்க்கிற ஆள் கூடக் கிடையாது. நாங்கள் புல் பிடுங்கப் போனால் பாஸ் எங்கே என்கிறார்கள். என் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னான் ஒருத்தன். தண்ணீர் பாட்டிலும் பழைய கத்திரிக்கோலும் விழுந்தது. ரொட்டிக்காரியின் தலைமுடியைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். இதுதான் தடையில்லாத வணிகமா? தடையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் மேல் போட்டுவிட்டார்களா? அந்த ஆள் என் பையைத் தொட்ட கையை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. பையை இரண்டு தரம் துவைத்துவிட்டேன்.

அதனால் நாங்கள் வழக்குப் போட்டுவிட்டோம். ஒரு வயசான வக்கீல் கிடைத்தார். கேஸ் கட்டைவிட இருமல்தான் அவரிடம் அதிகம். ஆனாலும் ஒப்புக்கொண்டார். மார்ச் முதல் வாரம் தலைநகரத்தில் விசாரணை. நாலைந்து பெண்கள் வருகிறோம். ஒரு நாள் உன் வீட்டில் தங்கலாமா? நான் மட்டும்தான், மற்றவர்கள் ரயிலடியில் இருந்துகொள்வார்கள். குழந்தையையும் பார்த்த மாதிரி இருக்கும்.

உன் பதிலை எதிர்பார்க்கிற
அக்கா


பிப்ரவரி 27

அன்பிற்குரிய அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லாப் பொருளும் வெளியே கிடக்கிறது. இந்த வாசனை உனக்கு ஒத்துக்கொள்ளாது. கோடையில் நாங்களே வருகிறோம்.

அக்கா, விசாரணைக்கு நீ வராதே. மற்றவர்கள் வரட்டும். உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. இதை வேண்டுதலாக எடுத்துக்கொள்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

வந்தேன். நீ வேண்டாம் என்று ஏன் எழுதினாய் என்று அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்கள் வக்கீல் இருமி முடித்துப் பேசி உட்கார்ந்தார். சர்க்கார் தரப்பில் யார் என்று பார்த்தால் நீ எழுந்திருக்கிறாய். கறுப்புக் கோட்டு, நல்ல முடி வெட்டு. ரொட்டிக்காரி என் தொடையில் கிள்ளினாள். "அது உன் தம்பி மாதிரி இருக்கே?"

"மாதிரிதான்" என்றேன்.

சின்ன வயசில் உன் அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோவாயே, கிரேன் அடியில் நின்று மேலே பார்த்துக் கத்துவாயே, அப்போது வந்த குரல் அது. அந்தக் குரலை நீ இப்போது எவ்வளவு மெதுவாக, வழவழவென்று வைத்திருக்கிறாய்! எண்ணெய் தடவின மாதிரி.

நீதிபதி அம்மாள் நல்ல மனுஷி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உன்னைக் கேட்டாள். "நிலத்தை எடுக்கலாம் என்கிறீர்கள். வீட்டை?"

"எடுக்கலாம், கனம் நீதிபதி அவர்களே."

"புதைத்த உடலை?"

"நிலத்தோடு சேர்ந்ததுதான்."

"இந்த அரசு எடுக்கக்கூடாத பொருள் என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா? ஒன்றாவது?"

நீ கொஞ்சம் தண்ணீர் குடித்தாய். குடித்துவிட்டு, "கடன் தீரும் வரை இல்லை" என்றாய்.

அம்மாள் மூக்குக் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். அப்புறம், என் கையைச் சட்டம் கட்டியிருக்கிறது என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டாள். உன் பக்கத்தில் இருந்த ஆள் உன் முதுகில் தட்டினான். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் முன்னால் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஆட்டோவில் மைக் பிடித்துக்கொண்டு வந்தது.

நான் வெளியே ஓடி, வராந்தாவில் கை கழுவுகிற இடத்தில் வாந்தி எடுத்தேன். ஒரு காவல்காரர் தண்ணீர் கொடுத்து, "கேஸ் தோத்துட்டீங்களாம்மா?" என்றார். நான் ஜெயித்த பக்கத்து ஆளுக்கு அக்கா என்று எப்படிச் சொல்வேன்?

ரயிலடிக்குத் திரும்பும்போது பஸ் உன் வீட்டைத் தாண்டித்தான் போனது. எந்த வண்ணமும் அடிக்கவில்லை. மாடியில் குழந்தையின் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் கோபம் கூட வரவில்லை. யாரோ மென்று துப்பினதை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அக்கா


மார்ச் 16

அக்கா,

நீ என்னைத் திட்டலாம். உனக்கு அந்த உரிமை உண்டு. நீ கடைசி பெஞ்சில் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததால்தான் தண்ணீர் குடித்தேன்.

நான் பேசாவிட்டால் இன்னொருவர் பேசியிருப்பார். தவணை தவறினால் உன் ரத்த அழுத்த மாத்திரையே கடையில் இருக்காது. கப்பலில்தான் அது வருகிறது. நானும் இந்தச் சட்டத்தை விரும்பவில்லை. ஆனால் நாடு மூழ்கும்போது யாராவது ஒருவர் அழுக்கில் கை வைத்துத்தானே ஆக வேண்டும்.

உனக்காக ஒன்று செய்திருக்கிறேன். ஆணையத் தலைவரிடம் நேரில் பேசினேன். அத்தானின் குழிக்கு மட்டும் விலக்கு. அதைத் தொட மாட்டார்கள். சுற்றிக் கம்பி போட்டு, ஜோனுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். நீ போய்வர உன் பெயருக்கு நிரந்தரப் பாஸ் இத்துடன் இருக்கிறது. இனி உன் பையை யாரும் தொட மாட்டார்கள்.

தெருவில் யாரிடமும் சொல்லாதே. சொன்னால் ஆளாளுக்குக் கேட்பார்கள். அவர்களுக்கெல்லாம் செய்ய முடியாது.

கோடையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரலாமா? ஒரு வரி எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நீ அனுப்பின பாஸ் கிடைத்தது. பொய் சொல்ல மாட்டேன். அதைக் கையில் வாங்கினதும் கிழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அவர் அங்கேயே இருப்பார், நான் ஞாயிற்றுக்கிழமை போவேன், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ரொட்டிக்காரி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். ஒரே தெருவில் இருந்துகொண்டு அவளுக்கு ஒளிந்து நடந்தேன்.

நேற்றுக் காலையில் தோண்ட வருகிறார்கள் என்று எல்லோரும் வேலிக்கு வெளியே நின்றோம். மற்றவர்களை உள்ளே விடவில்லை. நான் பாஸைக் காட்டினேன். கதவு திறந்தது. சரக்கு வண்டிக்குத் திறக்குமே, அதே மாதிரி. என் முதுகில் அத்தனை கண்ணும் ஒட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே போய்ப் பார்க்கிறேன். உன் அத்தான் குழியைச் சுற்றி நாலு கம்பு நட்டு மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் காவலுக்கு நிற்கிறார். மழையில் நனைந்து, எண்ணெயில் குளித்து, ஆயுசு முழுக்கக் கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்குச் செத்த பிறகு போலீஸ் காவல்! பக்கத்தில் ரொட்டிக்காரி மகள் குழி. இயந்திரம் வாயைத் திறந்துகொண்டு அதன்மேல் நிற்கிறது. மண்ணைச் சொரண்டி எடுத்து ஒரு பெட்டியில் போடுகிறார்கள். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி, மீன் கொண்டுபோகிற பெட்டி மாதிரி. பேர் இல்லை, அடையாளம் இல்லை. "இதுல யாருன்னு எழுத மாட்டீங்களா?" என்று கேட்டேன். பெட்டி தூக்குகிறவன், "எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகுதும்மா" என்றான்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரொட்டிக்காரி கத்தினாள். "உன் ஆளுக்கு மட்டும் கயிறா? நல்லா இரு! மாலையும் போடச் சொல்லு!" அவள் என்னை எத்தனையோ திட்டியிருக்கிறாள். நேற்று மட்டும்தான் அது எனக்கு உறைத்தது.

தம்பி, கோர்ட்டில் நீ பேசினதைவிட இதுதான் எனக்குப் பெரிய அசிங்கமாகப் பட்டது. அவர்கள் எடுக்கக்கூடாத பொருள் ஒன்றுகூட இல்லை என்று நீதிபதியிடம் சொன்னாய். ஆனால் நீ ஒரு வார்த்தை பேசினதும் ஒரு குழி எடுக்கக்கூடாததாகிவிட்டது. அப்படியென்றால் முடியாது என்பதெல்லாம் பொய். நினைத்தால் முடிகிறது. தம்பி இருக்கிறவளுக்கு முடிகிறது, இல்லாதவளுக்கு முடியவில்லை. இதுவா சட்டம்? இன்றைக்கு நீ போய் நின்றாய் என்று கயிறு கட்டுகிறவன், நாளைக்கு உன்மேல் கோபம் வந்தால் அவிழ்ப்பான். நான் ஆயுசுக்கும் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

போலீஸ்காரரிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன்.

"மேலிடத்து உத்தரவும்மா. நான் தொடக்கூடாது."

"அந்த மேலிடத்துக்கு அக்கா நான்தான். நீங்க தொட வேண்டாம்" என்று சொல்லி நானே அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, நகம் பெயர்ந்துவிட்டது. அவர் தடுக்கவில்லை. திரும்பி நின்றுகொண்டார்.

இயந்திரம் ஓட்டுகிற பையனைக் கூப்பிட்டு, இந்தக் குழியையும் எடு என்றேன், அவன் இறங்கி வந்தான். "நிஜமாத்தான் சொல்றீங்களாம்மா? அப்புறம் என் வேலை போயிடும்." பாஸை அவன் கையில் கொடுத்து, யாராவது கேட்டால் இதைக் காட்டு, இந்தப் பேர்க்காரிதான் சொன்னாள் என்று சொல் என்றேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஏறி உட்கார்ந்தான்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த வெளிநாட்டுச் சட்டையின் காலர் கொஞ்சம் இருந்தது. நல்ல துணிதான். மற்றதை எழுத மாட்டேன்.

பெட்டிகளை வண்டியில் தூக்கிப் போட்டு அடுக்கினார்கள். எது எது என்று கண்ணால் பிடித்து வைக்கப் பார்த்தேன், அடுக்கினதும் கலந்துவிட்டது. நான் வெளியே வந்தேன். ரொட்டிக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். தன் முந்தானையைக் கிழித்து என் விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, "எதுக்குடி அப்படிச் செஞ்சே, பைத்தியக்காரி, ஒண்ணாவது மிச்சமிருந்திருக்குமே" என்று அழுதாள்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. வீட்டில்கூட. அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள், அது என் பாடு.

அத்தானை எங்கே வைத்திருக்கிறார்கள்? புதிய இடத்தில் எந்த வரிசை, எந்தப் பெட்டி? தெரிந்தால் நானே ஒரு கல் வைக்கிறேன். அடுத்த மாதம் வருகிறேன், தனியாக. முகவரி மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தம்பி


மே 1

வக்கீல் அவர்களுக்கு,

கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே, லாரிகள் திரும்புகிற இடத்தைத் தாண்டி, செம்மண் மேடு. மரம் எதுவும் நடவில்லை. ஒரே நீளப் பள்ளமாக வெட்டி எல்லாப் பெட்டியையும் போட்டு மூடியிருக்கிறார்கள். எது யாருடையது என்று தோண்டினவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சேர்ந்துதான் புல் பிடுங்குகிறோம். ஒருத்திக்கு என்று தனியிடம் இல்லை.

ஒரு கல் வைக்க அங்கே இடமில்லை. வைப்பதானால் எல்லோருக்கும் வைக்க வேண்டும்.

வருவதானால் நேராக அங்கே வாருங்கள், என் வீட்டு வழியாக வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோரும் இருப்போம். கோர்ட்டுக்கு வந்த பெண்களும் இருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் முகம் தெரியும்.

இப்படிக்கு
கிரேன்காரர் மனைவி